கிடங்கில் எந்தப் பொருளுக்கு எந்த இடம்? தேவை மாறும்போது போட வேண்டிய கணக்கு

கிடங்கில் ஆர்டர்படி பொருள்களை எடுத்துச் சேர்ப்பவரைப் பிக்கர் என்பார்கள். கையில் ஸ்கேனர், முன்னால் தள்ளுவண்டி, இருபுறமும் வரிசை வரிசையாக ரேக்குகள். அவருடைய வேலை நேரத்தில் ஏறக்குறையப் பாதி நடப்பதிலேயே போய்விடுகிறது என்று கிடங்குப் பொறியியல் பாடநூல்கள் சொல்கின்றன. இடத்தைத் தேடுவது, பொருளை எடுப்பது, ஸ்கேன் செய்வது, பெட்டியைத் தயார் செய்வது எல்லாம் மீதிப் பாதிக்குள் அடக்கம். கிடங்கை நடத்தும் செலவில் சுமார் 55 சதவீதம் இந்த எடுக்கும் வேலைக்கே ஆகிறது என்பதும் அந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கிவரும் மதிப்பீடு.

வேகமாக நடக்கச் சொல்லி இதைக் குறைக்க நினைப்பது மனிதர்களை வருத்தும் வழி. நடக்க வேண்டிய தூரத்தையே குறைப்பதுதான் நல்ல வழி. அதற்கு ஒவ்வொரு பொருளும் கிடங்கில் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும். இந்த முடிவுக்கு ஸ்லாட்டிங் என்று பெயர். பலரும் இதைக் கிடங்கு திறக்கும்போது ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் வாங்குபவர்களின் தேவை மாதாமாதம், சில நேரம் வாராவாரம் மாறுகிறது. போன ஆண்டு சரியாக இருந்த இடம் இந்த ஆண்டு தவறாகிவிடுகிறது. தேவை மாறும்போது எதை நகர்த்துவது, எதை விட்டுவைப்பது என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அடிப்படைக் கணக்கு

பேக்கிங் மேசையிலிருந்து 10 மீட்டரில் ஓர் இடம், 60 மீட்டரில் ஓர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து இடத்தில் உள்ள பொருளை நாளொன்றுக்கு 4 முறை எடுக்கிறார்கள். தூரத்தில் உள்ளதை 40 முறை எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போய்த் திரும்புவதாகக் கொண்டால், தூரத்துப் பொருளுக்கு 40 × 120 = 4,800 மீட்டர். பக்கத்துப் பொருளுக்கு 4 × 20 = 80 மீட்டர். மொத்தம் 4,880 மீட்டர்.

இரண்டையும் இடம் மாற்றுங்கள். 40 × 20 = 800, 4 × 120 = 480. மொத்தம் 1,280 மீட்டர். ஒரு நாளைக்கு 3,600 மீட்டர் மிச்சம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால், சரியாக ஒரு மணி நேரம். வெறும் இரண்டு பொருள்களை மாற்றியதில் கிடைத்தது இது.

இதைச் சுருக்கமாகப் பெறலாம்: எடுப்பு எண்ணிக்கையில் உள்ள வித்தியாசத்தை, போய்வரும் தூரத்தில் உள்ள வித்தியாசத்தால் பெருக்கினால் மிச்சம் தெரிந்துவிடும். 36 × 100 = 3,600. இந்தச் சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

ஆயிரம் பொருள்கள் இருந்தாலும் தத்துவம் ஒன்றுதான். அதிகம் எடுக்கப்படும் பொருளிலிருந்து குறைவாக எடுக்கப்படுவது வரை ஒரு வரிசை, பக்கத்து இடத்திலிருந்து தூரத்து இடம் வரை இன்னொரு வரிசை, இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்துவது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணோடு சேர்த்தால் பெருக்கல்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை. நடைமுறையில் பிக்கர் ஒரே சுற்றில் பல பொருள்களை எடுத்து வருவார் என்பதால் உண்மையான மிச்சம் இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் திசை மாறாது.

எதை எண்ணுவது?

இங்கேதான் புதிதாக வருபவர்கள் வழி தவறுகிறார்கள். 'அதிகம் விற்கும் பொருள் முன்னால்' என்று கேட்டதும் விற்பனை அறிக்கையைத் திறந்து, விற்ற எண்ணிக்கையையோ தொகையையோ வைத்து வரிசைப்படுத்திவிடுவார்கள். தூரம் குறைய வேண்டுமானால் எண்ண வேண்டியது ஒன்றே ஒன்று: பிக்கர் அந்த இடத்துக்கு எத்தனை முறை போனார் என்பது. ஒரே ஆர்டரில் 500 எண்ணிக்கை போனாலும் அது பெரும்பாலும் ஒரு பயணம்தான். ஐம்பது ஆர்டர்களில் ஒவ்வொன்றாகப் போனால் ஐம்பது பயணம். ஆர்டரில் அந்தப் பொருள் இடம்பெறும் ஒவ்வொரு வரியையும் எண்ணினால் இந்தக் கணக்கு கிடைத்துவிடும். விலை உயர்ந்த பொருளுக்கு முன்வரிசையில் தனி உரிமை எதுவும் கிடையாது.

பொருள்களை முக்கியத்துவத்தின்படி ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கும் ஏபிசி வகைப்பாட்டைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி 1951இல் சரக்கு இருப்பைக் கட்டுப்படுத்த இதை எழுதினார். அவருடைய அக்கறை பணத்தின் மீது: எந்தப் பொருளில் அதிக முதலீடு முடங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பது. அதே ஏ, பி, சி எழுத்துகளைக் கிடங்கில் இடம் ஒதுக்கவும் பயன்படுத்தலாம். ஆனால் பணத்தை வைத்துப் பிரித்த பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ரேக்கில் ஒட்டக் கூடாது. எடுப்பு எண்ணிக்கையை வைத்துப் புதிதாகப் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் சரியான இடம் தேடித் தவிக்கவும் வேண்டியதில்லை. தானியங்கிக் கிடங்குகளை ஆராய்ந்த ஹவுஸ்மன், ஸ்வார்ஸ், கிரேவ்ஸ் ஆகிய மூவரும் 1976இல் ஒன்றைக் காட்டினார்கள். பொருள்களை இரண்டு மூன்று வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு பகுதி ஒதுக்கி, பகுதிக்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்தாலே, முழுமையாக வரிசைப்படுத்துவதால் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. தேவை மாறும் கிடங்குக்கு இது பெரிய ஆறுதல். எடுப்பு வரிசையில் ஒரு பொருள் 12ஆம் இடத்திலிருந்து 19ஆம் இடத்துக்குச் சரிந்தாலும் அதே வகுப்புக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். வகுப்பு மாறினால் மட்டும் கவனித்தால் போதும்.

அளவையும் சேர்த்துப் பாருங்கள்

எடுப்பு எண்ணிக்கை மட்டும் போதுமா? ஒரு பொருள் நாளுக்கு 50 முறை எடுக்கப்படுகிறது. ஆனால் பருமனானது, 10 தட்டுகள் பிடிக்கிறது. இன்னொன்று 30 முறைதான் எடுக்கப்படுகிறது. ஒரே தட்டில் அடங்கிவிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் முன்னால் வர வேண்டும். ஆனால் அந்தப் பத்துத் தட்டுகளில் இரண்டாவது வகைப் பொருள்கள் பத்தை வைத்திருந்தால், அதே இடத்திலிருந்து நாளுக்கு 300 எடுப்புகள் நடந்திருக்கும். முன்னால் உள்ள இடம் கொஞ்சம்தான். ஒவ்வொரு தட்டும் எத்தனை பயணங்களைச் சுருக்கித் தருகிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

1963இல் ஹெஸ்கெட் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். கியூப் பெர் ஆர்டர் இண்டெக்ஸ் என்று அதற்குப் பெயர். பொருளுக்குத் தேவையான இடத்தை அதன் எடுப்பு எண்ணிக்கையால் வகுப்பதுதான். முதல் பொருளுக்கு 10 ÷ 50 = 0.2. இரண்டாவதற்கு 1 ÷ 30, அதாவது சுமார் 0.033. எண் சிறியதாக இருக்கும் பொருள் முன்னால். அறுபது ஆண்டுகள் கடந்தும் இந்த எளிய வகுத்தல் இன்றைய மென்பொருள்களுக்குள் ஏதோ ஒரு வடிவில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பொருள்களின் நீள அகல உயரம் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். பல கிடங்குகளில் அந்தப் பதிவு அரைகுறையாகவே இருக்கும். வேறு எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், அதிகம் ஓடும் பொருள்களையாவது அளந்துவிடுவது நல்லது.

தேவை மாறுகிறது என்றால்?

மாற்றம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே நான்கு விதம் இருக்கிறது. குடை, கம்பளிபோலப் பருவத்தோடு ஏறி இறங்குவது ஒன்று. புதிய மாடல் வந்ததும் பழைய மாடல் மெல்ல ஓய்வது இன்னொன்று. தள்ளுபடி அறிவித்த வாரத்தில் மட்டும் துள்ளிவிட்டு அடங்குவது மூன்றாவது. காரணமே இல்லாமல் இந்த வாரம் 12, அடுத்த வாரம் 9, அதற்கடுத்த வாரம் 14 என்று ஆடிக்கொண்டிருப்பது நான்காவது. இந்த நான்காவது வகை வெறும் இரைச்சல். அதைத் துரத்திக்கொண்டு பொருள்களை நகர்த்தினால் ஆட்களின் உழைப்பு வீணாவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

இரைச்சலையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்தறிய 1950களில் ராபர்ட் பிரவுன் வகுத்த ஒரு முறை இன்னும் கைகொடுக்கிறது. எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்பார்கள். பழைய மதிப்பீட்டில் 80 சதவீதத்தையும் இந்த வார எண்ணிக்கையில் 20 சதவீதத்தையும் கூட்டிப் புதிய மதிப்பீடாக வைத்துக்கொள்வது. மதிப்பீடு 100 ஆக இருந்த பொருள் திடீரென்று இந்த வாரம் 200 எடுப்புகள் கண்டால், புதிய மதிப்பீடு 120. அடுத்த வாரம் பழையபடி 100க்கு இறங்கினால் மதிப்பீடு 116க்குத் தணியும். பெரிய சலனம் இல்லை. ஆனால் அடுத்த வாரமும் 200 என்றால் 136, அதற்கடுத்த வாரமும் 200 என்றால் சுமார் 149. மாற்றம் நிலைத்தால் மதிப்பீடும் ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரத் துள்ளலை நம்பாது, தொடர்ந்து வந்தால் நம்பும். அந்த 20 சதவீதத்தை உயர்த்தினால் சீக்கிரம் நம்பும், குறைத்தால் தாமதமாக நம்பும்.

பருவப் பொருள்களுக்கு இது போதாது. குடைக்கு மழை தொடங்கியபின் வந்த எண்ணிக்கையைப் பார்த்து முன்வரிசையில் இடம் கொடுத்தால், அது முன்னால் வந்து சேரும்போது பருவத்தில் பாதி போயிருக்கும். அப்படிப்பட்டவற்றுக்குப் போன ஆண்டின் அதே வாரங்களைப் பார்த்து, பருவம் தொடங்குவதற்கு முன்பே நகர்த்திவிட வேண்டும். ஹோல்ட் 1957இலும் வின்டர்ஸ் 1960இலும் போக்கையும் பருவத்தையும் சேர்த்துக் கணிக்கும் முறைகளை உருவாக்கினார்கள். இன்றைய விரிதாள் மென்பொருள்களில்கூட அந்த வகைக் கணிப்பு உண்டு. தள்ளுபடியைப் பொறுத்தவரை கணிதமே வேண்டாம். விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு வாரம் முன்பே தகவல் வந்தால் போதும். அந்தத் தகவல் கிடங்குக்கு வந்து சேராமல் இருப்பதுதான் பல இடங்களில் உண்மையான சிக்கல்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. எடுப்பு எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று காட்டும் பொருள் உண்மையிலேயே யாருக்கும் வேண்டாததா, அல்லது இருப்பு தீர்ந்துபோனதால் யாராலும் எடுக்க முடியவில்லையா? இரண்டும் அறிக்கையில் ஒரே மாதிரி தெரியும். இருப்பு இல்லாத நாள்களைக் கழித்துவிட்டுச் சராசரி எடுக்காவிட்டால், மிகவும் தேவைப்படும் பொருளைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிடுவோம்.

நகர்த்துவதற்கும் விலை உண்டு

இதுவரை சொன்னதெல்லாம் எந்த இடம் சிறந்தது என்பதற்கு. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கேள்விதான்: அந்தச் சிறந்த இடத்துக்கு நகர்த்துவது இப்போது கட்டுபடியாகுமா? ஸ்லாட்டிங் மென்பொருள் ஒன்றை ஓட்டினால் 'இந்த 800 பொருள்கள் தவறான இடத்தில் இருக்கின்றன' என்று ஒரு பட்டியலைத் தரும். அதை அப்படியே நிறைவேற்றப் புறப்படுவது பெரும் தவறு.

முதலில் பார்த்த இரண்டு பொருள்களுக்கே திரும்புவோம். அவற்றை இறக்கி, எடுத்துச்சென்று, அடுக்கி, லேபிள் மாற்றி, மென்பொருளில் பதிவிட இருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். மொத்தம் 3 மணி நேர உழைப்பு. தினமும் ஒரு மணி நேரம் மிச்சமாவதால் மூன்றே நாளில் செலவு திரும்பிவிடும். தயங்காமல் செய்யலாம்.

இப்போது தூரத்துப் பொருளுக்கு 12 எடுப்பு, பக்கத்துப் பொருளுக்கு 9 எடுப்பு என்று வையுங்கள். வரிசைப்படி பார்த்தால் இவையும் இடம் மாறியே இருக்கின்றன; மென்பொருள் இவற்றையும் தவறு என்றே காட்டும். ஆனால் மிச்சம் 3 × 100 = 300 மீட்டர், நாளுக்கு 5 நிமிடம். 180 நிமிட உழைப்பைத் திரும்பப் பெற 36 நாள் வேண்டும். அதற்குள் இரண்டின் தேவையும் மாறிவிட வாய்ப்பு நிறைய. இதை விட்டுவிடுவதுதான் சரி.

ஆக, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு எண்கள் வேண்டும். செலவு எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒன்று. இப்போதைய தேவை எத்தனை நாள் நீடிக்கும் என்பது மற்றொன்று. முதல் எண் இரண்டாவதைவிடத் தெளிவாகச் சிறியதாக இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். பட்டியலை இப்படி வடிகட்டினால் 800இல் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். பயன் பெரும்பாலும் முதல் சில பத்து நகர்த்தல்களில்தான் குவிந்திருக்கும். அவற்றைச் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளத் தெரிவது இந்த வேலையின் பாதித் திறமை.

எல்லைக்கோட்டில் நிற்கும் பொருள்களுக்கு ஒரு சிறு ஏற்பாடு தேவை. எடுப்பு வரிசையில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் ஏ வகுப்பு என்று ஒரே கோடு கிழித்தால், 14க்கும் 16க்கும் இடையே ஆடும் பொருள் வாரந்தோறும் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே வர ஒரு கோடு, வெளியே போக வேறொரு கோடு வைப்பது வழக்கம். 15க்குள் வந்தால் உள்ளே, 25ஐத் தாண்டினால்தான் வெளியே. நடுவில் இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நகர்த்தும் வரிசையும் யோசிக்க வேண்டியதுதான். கிடங்கு நிரம்பி வழிந்தால் இரண்டு பொருள்களை மாற்ற மூன்று நகர்த்தல் ஆகும்: ஒன்றைத் தற்காலிகமாக எங்காவது வைத்து, மற்றதைக் கொண்டுவந்து, முதலாவதை மீண்டும் தூக்க வேண்டும். ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே ஒன்றை வைக்க, அது விட்டுவந்த இடத்துக்கு இன்னொன்று, அதன் இடத்துக்கு வேறொன்று என்று சங்கிலியாகப் போகலாம். எந்த வரிசையில் நகர்த்தினால் உழைப்பு குறையும் என்பதையே கிறிஸ்டோஃபிடிஸும் காலஃபும் 1973இல் தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார்கள். முன்பகுதியில் எப்போதும் சில தட்டுகளைக் காலியாக விட்டுவைப்பது எளிய தீர்வு. இடம் வீணாகிறதே என்று தோன்றும். மாற்றம் மிகுந்த கிடங்கில் அந்தக் காலி இடம் தனக்கான வாடகையைச் சம்பாதித்துவிடும்.

இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பொருளை நகர்த்தவே வேண்டாம். பழைய இடத்தில் உள்ள இருப்பு தீரும்வரை காத்திருந்து, அடுத்து வரும் புதிய சரக்கைச் சரியான இடத்தில் வையுங்கள். வந்த சரக்கை எப்படியும் எங்காவது கொண்டுபோய் வைத்தாக வேண்டும். அந்தப் பயணத்தையே இடமாற்றமாக மாற்றிக்கொள்கிறோம். கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. வேகமாக ஓடும் பொருள்கள் வேகமாகத் தீரும் என்பதால், அவசரமாக இடம் மாற வேண்டியவையே முதலில் தாமாக மாறிவிடுகின்றன. இந்தப் பழக்கம் ஒன்றிருந்தாலே, விடுமுறை நாளில் ஆள்களை வரவழைத்துக் கிடங்கையே புரட்டிப்போடும் பெருவேலை அரிதாகத்தான் தேவைப்படும்.

முன்பகுதியில் எவ்வளவு வைப்பது?

பெரிய கிடங்குகளில் கைக்கெட்டும் சிறு பகுதி ஒன்று முன்னால் இருக்கும். மொத்த இருப்பு பேலட்டுகளாகப் பின்னால் அல்லது மேல் தட்டுகளில் இருக்கும். முன்பகுதி தீரத் தீரப் பின்னாலிருந்து ஃபோர்க்லிஃப்ட் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அப்படியானால் முன்பகுதியில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு இடம்?

எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுப்போம் என்பார் ஒருவர். ஓட்டத்துக்கு ஏற்பக் கொடுப்போம் என்பார் மற்றவர். ஒரு பொருள் மாதம் 9 கன மீட்டர் ஓடுகிறது, இன்னொன்று 1 கன மீட்டர். மொத்த இடம் 4 கன மீட்டர். ஆளுக்கு இரண்டாகப் பிரித்தால் மாதத்தில் நிரப்ப வேண்டிய தடவைகள் 9 ÷ 2 + 1 ÷ 2 = 5. ஓட்டத்துக்கு ஏற்ப 3.6, 0.4 என்று பிரித்தால் 2.5 + 2.5 = 5. இரண்டு வழிக்கும் விடை ஒன்றேதான். வர்க்கமூலத்துக்கு ஏற்பப் பிரித்துப் பாருங்கள்: 9இன் வர்க்கமூலம் 3, 1இன் வர்க்கமூலம் 1. மூன்றும் ஒன்றுமாகக் கொடுத்தால் 9 ÷ 3 + 1 ÷ 1 = 4. ஐந்து முறை நான்காகக் குறைந்துவிட்டது, ஒரு தட்டுகூடக் கூடுதலாக வாங்காமல். முன்பகுதி பற்றிய ஆய்வுகளில் பார்த்தோல்டியும் ஹாக்மனும் விரிவாக விளக்கிய முடிவு இது.

தேவை மாறும்போது இதிலிருந்து ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. ஒரு பொருளின் ஓட்டம் நான்கு மடங்கானால் அதன் இடத்தை இரண்டு மடங்காக்கினால் போதும். 20 சதவீதம் கூடினால் இடம் 10 சதவீதம்கூடக் கூட வேண்டியதில்லை; அதைத் தொடாமலே விட்டுவிடலாம்.

நெரிசல், கூட்டாளிகள், உடம்பு

தூரத்தை மட்டுமே குறைக்கப் போனால், ஓடும் பொருள்கள் எல்லாம் பேக்கிங் மேசைக்கு அருகே, ரேக்குகளுக்கு இடைப்பட்ட ஒரே சந்தில் வந்து குவியும். இருபது பிக்கர்களும் அங்கேயே முட்டிக்கொள்வார்கள். நடந்த தூரம் குறைந்திருக்கும், நின்ற நேரம் கூடியிருக்கும். அதனால் ஏ வகுப்புப் பொருள்களை ஒரே சந்தில் அடுக்காமல், பல சந்துகளின் முகப்புகளில் பரப்பி வைப்பார்கள். தேவை ஏறும் பொருளை நகர்த்தும்போது 'அந்தச் சந்தில் ஏற்கெனவே எவ்வளவு கூட்டம்' என்றும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

சில பொருள்கள் சேர்ந்தே வாங்கப்படும். பிரிண்டரும் மையும், விளக்கும் பல்பும். இவற்றைப் பக்கத்தில் வைத்தால் ஒரே நிறுத்தத்தில் இரண்டு எடுப்பு. கேட்க எளிது. ஆனால் இதைச் சேர்த்த மாத்திரத்தில் கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது. ஒரு பொருளின் நல்ல இடம், மற்ற பொருள்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் சார்ந்ததாகிவிடுகிறது. பத்துப் பொருள்களைப் பத்து இடங்களில் வைக்க 36,28,800 வழிகள் உண்டு. இருபது என்றால் அந்த எண் 19 இலக்கத்தில் போய் நிற்கும். வெறும் வரிசைப்படுத்தல் இனி உதவாது. கூப்மன்ஸும் பெக்மனும் 1957இல் முன்வைத்த இந்த வகைக் கணக்கு மிகக் கடினமானது என்று 1976இல் சஹானியும் கொன்சாலஸும் நிறுவினார்கள். பெரிய கிடங்குக்கு மிகச் சிறந்த விடையைக் கணினியாலும் நியாயமான நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஓரளவு நல்ல விடையைத் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவர் மிக நெருங்கிய சில ஜோடிகளை மட்டும் கண்டுபிடித்து, அவற்றை ஒரே பொருள்போல எண்ணிச் சேர்த்து வைத்தால் போதும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்கு முழுமை பெறாது. இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரமே குனியாமல் எக்காமல் எடுக்க வசதியானது; பொன் மண்டலம் என்று கிடங்குக்காரர்கள் அதைச் சொல்வார்கள். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991இல் திருத்தி வகுத்த தூக்குதல் சூத்திரத்தில், எல்லா நிலைமைகளும் சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான் உச்ச வரம்பு. கை வைக்கும் உயரம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டரை விட்டு மேலேயோ கீழேயோ விலக விலக அந்த வரம்பு குறையும். எனவே கனமான, அடிக்கடி எடுக்கப்படும் பொருளுக்கு முன்வரிசை மட்டும் போதாது, சரியான உயரமும் வேண்டும். ஒரு பொருளின் தேவை ஏறும்போது, 5 மீட்டர் முன்னால் கொண்டுவருவதைவிட அதே ரேக்கில் தரைத் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவது சில நேரம் பெரிய உதவி. நாளுக்கு நாற்பது முறை குனிவது யாருடைய முதுகு என்பதை மீட்டர் கணக்கு காட்டாது.

இவற்றோடு மீற முடியாத விதிகளும் உண்டு. தீப்பற்றக்கூடியவை தனியே, குளிர் வேண்டியவை குளிர் அறையில், வாடை பரவும் பொருள்கள் உணவுக்கு அப்பால். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பொருள்களை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. தவறான பொருள் போய்ச் சேர்ந்தால், திரும்ப வரும் செலவு மிச்சம் பிடித்த நடையையெல்லாம் விழுங்கிவிடும்.

எங்கே வேண்டுமானாலும் வைக்கும் கிடங்குகள்

'அமேசான் போன்ற நிறுவனங்கள் எந்தப் பொருளையும் காலியான எந்த இடத்திலும் வைக்கிறார்களே, அங்கே இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?' என்ற கேள்வி எழலாம். அந்த முறைக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. பொருளுக்கு நிரந்தர இடம் ஒதுக்கினால், இருப்பு குறையக் குறைய அந்த இடம் காலியாகவே கிடக்கும். சராசரியில் ஏறக்குறையப் பாதி இடம் வீண். பொதுவில் பகிர்ந்தால் அந்த வீண் குறையும். எது எங்கே என்பதை ஸ்கேனரும் மென்பொருளும் நினைவில் வைத்துக்கொள்ளும். கூடவே, ஒரு பொருள் பல இடங்களில் சிதறிக் கிடப்பதால் பிக்கருக்கு எங்கோ பக்கத்தில் ஒன்று கிடைத்துவிடுகிறது.

ரோபோக்கள் உள்ள கிடங்குகளில் இடமாற்றம் இன்னும் எளிது. 2003இல் தொடங்கி 2012இல் அமேசானால் வாங்கப்பட்ட கிவா சிஸ்டம்ஸ் உருவாக்கிய முறையில், தாழ்வான ரோபோ ஒன்று அலமாரியின் அடியில் புகுந்து அதை அப்படியே தூக்கிக்கொண்டு பிக்கரிடம் வரும். வேலை முடிந்ததும் அலமாரி பழைய இடத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடிக்கடி அழைக்கப்படும் அலமாரியை அருகிலும் மற்றதைத் தூரத்திலும் கொண்டுபோய் விடலாம். ஒவ்வொரு பயணமும் ஓர் இடமாற்றமாகிவிடுகிறது, தனிச் செலவின்றி. புதிய சரக்கைச் சரியான இடத்தில் வைப்பது என்று மேலே சொன்ன அதே யோசனைதான் இங்கே இயந்திர வேகத்தில் நடக்கிறது.

நாளை காலை தொடங்க வேண்டுமென்றால்

மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு விரிதாள் போதும். கடந்த எட்டு வார ஆர்டர் வரிகளை எடுத்து, பொருள்வாரியாக எண்ணி, அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்துங்கள். பிறகு கிடங்கின் மிக வசதியான ஐம்பது இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். மாதக்கணக்கில் யாரும் தொடாத பொருள்கள் அங்கே சுகமாகக் குடியிருப்பது கண்ணில் படும். முதல் நகர்த்தல்கள் அவைதாம். பட்டியலைப் பிக்கர்களிடம் காட்டுங்கள். எந்தத் தட்டில் கை எட்டாது, எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். எந்த அறிக்கையிலும் அது இருக்காது.

புதிதாக வரும் பொருளுக்கு வரலாறு கிடையாது. அதைப் போன்ற பழைய பொருள் ஒன்றின் முதல் சில வாரங்களைக் கடன் வாங்கிக்கொண்டு நடுப்பகுதியில் வையுங்கள். நான்கைந்து வாரம் கழித்து அதன் சொந்த எண்களைப் பார்த்து முடிவெடுக்கலாம். வாரம் ஒரு நாள், அன்று திரும்பப்பெறும் கணக்கில் தேறிய பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் அன்றாட வேலை தடைப்படாது. ஒவ்வொரு நகர்த்தலையும், பொருள் புதிய தட்டில் அமர்ந்த அதே நிமிடம், அந்த இடத்திலேயே நின்று ஸ்கேன் செய்து பதிவிட வேண்டும். மாலையில் மொத்தமாகப் பதியலாம் என்று விட்டால், நடுவில் வரும் ஆர்டர்களுக்குப் பிக்கர்கள் பழைய இடத்தில் போய் நின்று தேடிக்கொண்டிருப்பார்கள்.